பூட்டுக்காரி நடத்திய மாநாடு

அந்த மாநாட்டை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கியவளே அவள்தான். போன வருஷம், ஏரிகளை ஆராய்கிற பல நாட்டுப் பேராசிரியர்கள் தெற்கே ஒரு கடற்கரை நகரத்தில் கூடியிருந்தார்கள். கடைசி நாளில், "அடுத்த கூட்டம் எங்கே?" என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மாநாடு நடத்துவது கல்யாணம் நடத்துவதைவிடப் பெரிய தலைவலி என்று அவர்களுக்குத் தெரியும். அவள் மட்டும் எழுந்து, "எங்க ஊருக்கு வாங்க. செத்துப்போன ஏரி எப்படிப் பிழைக்குதுன்னு காட்டறேன்," என்றாள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் ஊர் திரும்பினாள்.

ஊர் வடக்கே இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும். நடுவில் ஏரி, ஏரிக்கரையில் ஈயம் உருக்கும் ஆலை. ஆலைக்குப் பூட்டு விழுந்து இது மூன்றாவது குளிர்காலம். பூட்டியது நீதிமன்றம், ஆனால் பூட்டை எடுத்துக் கையில் கொடுத்தது அவளுடைய ஆராய்ச்சி. ஏரித் தண்ணீரிலும், அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் ரத்தத்திலும் ஈயம் இருக்கிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் பேராசிரியை இல்லை, பூட்டுக்காரி.

ஆலை ஈயத்தை மட்டும் உருக்கவில்லை. உலையின் சூட்டில் காய்ந்த வெந்நீர் குழாய் வழியாகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய், வீட்டுக்கு வீடு சுவரோரமாக ஓடி, வெளியே என்ன பனி கொட்டினாலும் உள்ளே சட்டையோடு உட்கார வைத்தது. உலை அணைந்ததும் குழாயும் செத்தது. வேலை போனது ஒரு பக்கம் என்றால், குளிர் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது இன்னொரு பக்கம். மாற்று ஏற்பாடு செய்கிறோம் என்று நகராட்சி சொன்னது. சொன்னதோடு சரி.

அவள் பிறந்ததே அந்தக் குடியிருப்பில்தான். அவளுடைய அம்மா, தம்பி, தம்பி மனைவி, தம்பி மகள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தம்பி உலைப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்தவன். தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் அவள் அம்மா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அம்மா திறந்து, மேலும் கீழும் பார்த்து, "உன் கூடப் பொறந்தவனுக்குச் சோறு போட்ட இடம் அது. உனக்கும்தான்," என்று சொல்லி மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. அவளுக்கும் ரோஷம் இருந்தது. பிள்ளைகள் உடம்பில் விஷம் ஏறுவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று மனதுக்குள் தினமும் அம்மாவோடு சண்டை போட்டாள், தினமும் ஜெயித்தாள். ஜெயித்து என்ன, எதிரே யாரும் இல்லை.

மாநாட்டு வேலை தொடங்கியதும் ஊர் தன் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்தது. பெரிய விடுதியின் மேலாளர், அந்த வாரம் முழுக்கக் கட்டடத்தில் மராமத்து என்று கையை விரித்தார். மராமத்து செய்ய ஓர் ஆளும் வரவில்லை. டாக்சிக்காரர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் போனை வைத்தார்கள். நுழைவாயிலில் "பன்னாட்டு ஏரிகள் மாநாடு" என்று பெரிய பலகை வைத்தார்கள். மறுநாள் காலை வந்து பார்த்தால் 'நா' என்ற ஒரே ஓர் எழுத்தின் மேல் மட்டும் யாரோ தார் பூசியிருந்தார்கள். பன்னாட்டு ஏரிகள் மாடு.

துறைத்தலைவர் அந்தப் பலகையின் முன்னால் நின்று நன்றாகப் பார்த்தார். "உங்க ஆளுங்களுக்கு எழுத்து வேலை நல்லா வருதே," என்றார்.

அவர் தலைநகரத்திலிருந்து வந்தவர். இந்த ஊரை மூட்டை பிரிக்காமல் தங்குகிற சத்திரம்போல் நினைத்தார். அவள் கை தூக்கிவிட்டு வந்தபோது, "யாரைக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?" என்று குதித்தவர், வரப்போகிறவர்களின் பெயர்களைப் பார்த்ததும் தன்னையே மாநாட்டுத் தலைவராக்கிக்கொண்டார். அவளை ஒருங்கிணைப்பாளர் என்றார். வேலை அவளுக்கு, மாலை அவருக்கு.

முதல் நாள் எப்படியோ ஒப்பேறியது. நகராட்சித் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் ஏரியில் மீன்கள் திரும்பி வந்திருப்பதைப் படம் படமாகக் காட்டினாள். நல்ல கைதட்டல். வெளியே வந்தபோது வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஓர் ஆள், அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைத் திருப்பி, பெருக்கி முடித்த படியின் மேலேயே பனியை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனான். அவள் தாண்டி நடந்தாள்.

இரண்டாம் நாள் காலை ஏரியைப் பார்க்கப் போகிற நிகழ்ச்சி. கம்பளிக்குள் புதைந்த பேராசிரியர்கள் பேருந்து நிறைய ஏறினார்கள். ஏரி ஆராய்ச்சியாளர்கள் சங்கத்தின் தலைவர், எல்லாரையும்விட ஒரு முழம் உயரமானவர், முன் இருக்கையில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்தார். அவளுக்கு மனசுக்குள் அவர் பெயர் நெட்டை. துறைத்தலைவர் குளிருக்குப் பயந்து வரவில்லை. கடைசியாக ஏறிய அவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள். உட்கார்ந்திருந்தவன் தம்பி.

"ஏறுங்க மேடம். எல்லாரும் காத்திருக்காங்க," என்றான்.

"நீ எப்படி இங்க?"

"ஆலைய மூடினப்புறம் பஸ்தான் ஓட்டறேன். உங்களுக்குத் தெரியாதா? ஆராய்ச்சி பண்ணியிருக்கலாமே."

முன்வரிசையில் நெட்டை சிரித்த முகத்தோடு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து, ஒலிவாங்கியை எடுத்து ஏரியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். சாலை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. ஏரிக்கு வலப்பக்கம் போக வேண்டும். பேருந்து இடப்பக்கம் திரும்பியது.

ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "ஏரி அந்தப் பக்கம்."

"தெரியும். நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்."

"என்னடா பண்றே?"

"விருந்தாளிங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டறேன். நீங்க பாதியத்தான் காட்டுவீங்க. மீதிய யாரு காட்டறது?"

"வண்டிய நிறுத்து."

"நிறுத்தத்தான் போறேன்," என்றவன், குடியிருப்பின் நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கதவைத் திறந்தான்.

வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் செங்கல் வீடுகள். கூரைகளுக்கு மேலே போக மனமில்லாததுபோல் புகை தெருவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கண் எரிந்தது. பேருந்தைச் சுற்றி ஆண்களும் பெண்களும் வந்து நின்றார்கள். எதிர்பாராமல் வந்தவர்கள்போல் இல்லை. இன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்று தெரிந்து நின்றவர்கள். அவர்களுக்கு முன்னால், பனி தள்ளுகிற மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சங்கு நின்றாள்.

ஆலையின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். வேலை நேரத்துக்கு ஊதுகிற சங்கு நின்றுபோன பிறகும் அந்தக் குறை தெரியாமல் தெருவை எழுப்புகிற குரல் என்பதால் அந்தப் பெயர். எதிர்வீட்டுக்காரி. பூட்டுக்காரிக்குச் சின்ன வயதில் தலை பின்னிவிட்டிருக்கிறாள்.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். "நிகழ்ச்சியில் இது இருக்கிறதா?" என்று நெட்டை கேட்டார். இது ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு, இவர்களுக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றாள் அவள். "நல்லது. நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்," என்றார் அவர். அவளை விட்டால் அங்கே இரண்டு பாஷையும் சரளமாகப் பேசுகிறவர்கள் இல்லை.

"வாங்க, வாங்க," என்றாள் சங்கு. "மீனுக்கெல்லாம் காய்ச்சல் விட்டுப்போச்சான்னு பாக்க வந்தீங்களா? மீனெல்லாம் சௌக்கியமா இருக்கு. எங்களையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க."

அவள் மொழிபெயர்த்தாள். சிலர் சிரித்தார்கள். சங்கு சிரிக்கவில்லை.

"போன குளிருக்கு இந்தத் தெருவுல ரெண்டு கிழவங்க படுக்கையிலேயே விறைச்சுப் போனாங்க. குழாயில வெந்நீர் ஓடினப்ப யாரும் அப்படிச் சாகல. இந்தப் புண்ணியமெல்லாம் இவளுக்குத்தான். இந்தப் பூட்டுக்காரிக்கு."

"பூட்டுக்காரி என்று யாரைச் சொல்கிறார்?" என்றார் நெட்டை.

"என்னைத்தான்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"இவ படிச்ச பள்ளிக்கூடம் ஆலை கட்டினது. இவ அப்பன் உலையில வெந்து சம்பாதிச்சதுலதான் இவ புஸ்தகம் வாங்கினா. தின்ன தட்டுல மண்ண அள்ளிப் போட்டவ. சொல்லு. முழுங்காம சொல்லு அவங்களுக்கு."

அவள் சொன்னாள். தட்டையும் மண்ணையும் விடாமல், பிழையில்லாத ஆங்கிலத்தில், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். தன்னைப் பற்றிய வசவைத் தானே இலக்கண சுத்தமாகச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தம்பி பேருந்தின் மேல் சாய்ந்துகொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதோ பாருங்க, பச்சைக் கதவு. இவளப் பெத்தவ அங்கதான் இருக்கா. அந்தப் பக்கம் ஒரு நாள் எட்டிப் பாத்தாளா இவ? ஏரி மீன எண்ணத் தெரியுது. பெத்தவளுக்கு உசிரு இருக்கா போச்சான்னு கேக்கத் தெரியல."

அவள் பச்சைக் கதவைப் பார்த்தாள். பிறகு, "முதியவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள் என்கிறார்," என்றாள்.

"ஒரு வரிய முழுங்கிட்டீங்க மேடம்," என்றான் தம்பி. வெளிநாட்டு எந்திரங்களோடு வந்த பொறியாளர்களிடம் பொறுக்கிய ஆங்கிலம் அவனிடம் கொஞ்சம் இருந்தது. பச்சைக் கதவைக் காட்டி அவனே விருந்தாளிகளுக்குச் சொன்னான். அவளுடைய அம்மா. அந்த வீடு. அவள் வருவதில்லை. மூன்றே துண்டுகள். எல்லாத் தலைகளும் அந்தக் கதவைப் பார்த்துத் திரும்பின.

கதவு திறந்து அம்மா வெளியே வந்தாள். முன்பைவிடக் குறுகிப்போயிருந்தாள். மகளைப் பார்க்கவே இல்லை. "வந்தவங்கள எதுக்குடா குளிர்ல நிறுத்தி வச்சிருக்கே? உள்ள வரச் சொல்லு," என்று மகனிடம் சொன்னாள்.

அவன் கையைக் காட்ட, அந்தப் பெரிய மனிதர்கள் குனிந்து குனிந்து அந்தச் சின்ன வீட்டுக்குள் போனார்கள். உள்ளே கொள்ளாதவர்கள் நடையில் நின்றார்கள். கடைசியில் அவள் படியில் கால் வைத்தாள். அம்மாவின் கை நிலைக்குக் குறுக்கே வந்தது.

"நீ எங்க வரே?"

"அம்மா, அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. நான் இல்லாம எப்படி…"

"என் மகன் பேசிக்குவான். நீ பேசினதெல்லாம் போதும்."

கதவு சாத்தப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உள்ளே தன் விருந்தாளிகள் அடுப்பைச் சுற்றிக் கை காய்வதைப் பார்த்துக்கொண்டு அவள் வெளியே நின்றாள். பக்கத்தில் சங்கு வந்து நின்றாள். திட்டித் தீர்த்ததில் மூச்சு வாங்கியது.

"நான் சொன்னதெல்லாம் சரியா சொன்னியா?"

"சொன்னேன்."

"தட்டுல மண்ணு?"

"அதையும் சொன்னேன்."

"ம். படிச்சவதான்," என்று சொல்லிவிட்டு சங்கு மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான் அந்த வாசனை அவளுக்கு உறைத்தது. விறகோ கரியோ எரிகிற வாசனை இல்லை. பழைய வண்ணப்பூச்சு பொசுங்குகிற, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற தித்திப்பு நாற்றம். படியோரம் தார்ப்பாய் போட்டு மூடிய ஓர் அடுக்கு இருந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தாள். பலகைகள். எல்லாவற்றிலும் செங்கல் நிறப் பூச்சு, வெயிலில் வெடித்த மண்போல் செதில் செதிலாக.

"இது ஏது?"

"ஆலைக் கொட்டகைங்களப் பிரிச்சப்ப எடுத்தது. தெரு பூரா இதத்தான் எரிக்குது," என்றாள் சங்கு. "ஏன், இதுக்கும் ஒரு பூட்டு வச்சிருக்கியா?"

நகத்தால் சுரண்டினாள். கனத்த சிவப்புத் தூள். அது என்ன பூச்சு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆலை தன் ஈயத்தைக் கொண்டே செய்து, தன் இரும்புக்கும் மரத்துக்கும் அடித்துக்கொண்ட பூச்சு. இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் மூன்று குளிர்காலமாக அதை அடுப்பில் போட்டு, ஜன்னலை அடைத்து, அந்தப் புகைக்குள் தூங்கி எழுந்திருக்கிறது.

அம்மாவின் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் காற்று புகாமலிருக்கப் பசைப் பட்டை ஒட்டியிருந்தது. அடுப்புக்கு ஒட்டினாற்போல் ஒரு முக்காலியில் தம்பி மகள் உட்கார்ந்திருந்தாள். வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை. கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்திருந்தது. அத்தை என்று அடையாளம் தெரியாமல் வெறுமனே பார்த்தாள். அவள் நேரே ஜன்னலுக்குப் போய்ப் பட்டையைப் பிய்த்து எறிந்து, கதவுகளை விரியத் திறந்தாள். பனிக்காற்று ஒரு வீச்சில் உள்ளே வந்து விழுந்தது. "எல்லாரும் வெளியே போங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"பாத்தியாடா," என்று மகனிடம் சொன்னாள். "வந்த கையோட வீட்டக் குளுர வச்சுட்டா. ஊருக்கு என்ன செஞ்சாளோ, அதையே என் வீட்டுக்கும் செஞ்சுட்டா."

"அம்மா, அந்தப் பலகையில ஈயம் இருக்கு. எரிச்சா புகையோட வரும். ஏரித் தண்ணியில இருந்தத விட…"

"ஈயம், ஈயம். உனக்கு வேற வார்த்தையே வாயில வராதா?"

"இவ ரத்தத்தப் பரிசோதிக்கணும்," என்று அவள் குழந்தையைக் காட்டினாள். "இன்னிக்கே."

தம்பி குறுக்கே வந்து நின்றான். "என் பொண்ணு மேல கை வச்சுப் பாரு." மேடம் போய்விட்டது, ஒருமை வந்துவிட்டது, உறவு திரும்பியதால் அல்ல. அவன் ஜன்னலைச் சாத்தினான். அவள் திறந்தாள். அவன் மறுபடி சாத்தித் தன் முதுகைக் கொடுத்து நின்றான். இருவருக்கும் நடுவில் நெட்டை தன் உயரத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். உள்ளறை வாசலில் தம்பி மனைவி மட்டும் யாரையும் பார்க்காமல், அடுப்பில் செருகியிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று யாரும் ஏரியைப் பார்க்கவில்லை. தம்பி வண்டியைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுவந்து விட்டான். அதற்குள் செய்தி துறைத்தலைவருக்குப் போய்விட்டது.

"மாநாடு நடத்தறீங்களா, குடும்பச் சண்டை நடத்தறீங்களா?" என்றார். "அந்த டிரைவர வேலைய விட்டுத் தூக்கச் சொல்லிட்டேன்."

"அவனத் தூக்கச் சொல்ல நீங்க யாரு?"

"பஸ்ஸக் கடத்தினவனுக்கு வக்காலத்தா? உங்களத்தானே அசிங்கப்படுத்தினான்."

"என்னை அசிங்கப்படுத்தினதுக்கு அவன நான் கேட்டுக்கறேன். அது உங்க வேலை இல்ல." தீர்மானத்தின் வரைவை அவர் முன்னால் நீட்டினாள். "இன்னொண்ணு. மாநாட்டுத் தீர்மானத்துல ஒரு வரி சேக்கணும். உலைய அணைக்கச் சொல்றவங்க, அதுக்கு முன்னாடி வீடுகளுக்கு வேற சூடு கொடுத்தாகணும். இந்த ஊர்ல கொடுக்கலன்னும் எழுதணும்."

"நகராட்சித் தலைவர் முன்வரிசையில உக்காந்திருக்கார். அவர் மூஞ்சிக்கு நேரா அதப் படிக்கச் சொல்றீங்களா? ஒரு வரியும் ஏறாது."

மூன்றாம் நாள் நிறைவுக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் அவள் அரங்கத்தின் நடுவில் எழுந்து நின்றாள். துறைத்தலைவர் மேடையிலிருந்து கையை ஆட்டி உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. ஆலையை மூடியது சரி, நாளைக்கே கேட்டாலும் மூடத்தான் சொல்வேன் என்று ஆரம்பித்தாள். மூடிய பிறகு அந்த வீடுகள் எதை எரிக்கின்றன என்று தான் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை, நகராட்சியும் பார்க்கவில்லை, இப்போது அந்தப் பிள்ளைகள் ஈயத்தைக் குடிப்பதற்குப் பதிலாகச் சுவாசிக்கிறார்கள் என்றாள்.

நகராட்சித் தலைவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். கூடவே அவருடைய ஆட்களும் போனார்கள்.

நெட்டை கேட்டார், "அளந்து பார்த்தீர்களா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் தீர்மானத்தில் எப்படிச் சேர்ப்பது?"

இதே கேள்வியால் அவள் எத்தனையோ பேரை மேடையிலேயே உட்கார வைத்திருக்கிறாள். பின்வரிசையில் யாரோ, சொந்த விவகாரத்தை இங்கே இழுக்கலாமா என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் வரியை விட்டுவிட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அழகான தீர்மானம். எந்த ஊருக்கும் பொருந்தும்.

அரங்கம் காலியானது. மேலங்கிகள் மாட்டுகிற அறையில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அண்ணி," என்று குரல் கேட்டது. தம்பி மனைவி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை பெரிய கட்டடத்துக்குள் எப்படி வழி கண்டுபிடித்தாளோ.

"வீட்டுல ரெண்டு பேருக்கும் தெரியாது," என்றாள். "இவளுக்கு அடிக்கடி வயித்து வலி. நேத்து படிச்சத இன்னிக்கு மறந்துடறா. திமிருன்னு நெனச்சு நான் அடிக்கக்கூட செஞ்சிருக்கேன். ரத்தம் எடுக்கணும்னு சொன்னீங்களே, எடுங்க."

"வா, இப்பவே போலாம்."

"ஒண்ணு சொல்லிடறேன். உங்க மேல எனக்கு இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கு. அவருக்கு ஆலை வேலை போனதும் உங்களால, பஸ் வேலை போனதும் உங்களால. அந்தக் கோபம் வேற, இவளுக்கு ரத்தம் பாக்கறது வேற."

"சரி," என்றாள் அவள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவளே பச்சைக் கதவைத் தட்டினாள். தம்பி திறந்தான். வாசலில் நின்றே சொன்னாள். ஆலை ஓடிய நாளில் இந்தத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில் இருந்ததைவிட இப்போது இவளுக்கு அதிகம்.

"யாரக் கேட்டு எடுத்தே?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றது உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல்.

தம்பி அக்காவைத் தாண்டி இறங்கிப் போய், தார்ப்பாயை உருவி, பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவில் வீசினான். ஒவ்வொன்றும் அவள் காலருகே வந்து விழுந்தது. அவள் நகரவில்லை. அடுக்கு தீர்ந்ததும், "இப்ப எத எரிக்கறது?" என்றான். "சொல்லு. உன் மாநாட்டுல அதச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்ல. நகராட்சிக்குப் போறேன். நீயும் வா."

"உன் கூடவா?"

"என் கூட வர வேண்டாம். நான் போற எடத்துக்கு வா."

தெருவின் மற்றப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. வெறுங்கையோடு போனால் அளந்து பார்த்தீர்களா என்றுதான் நகராட்சியிலும் கேட்பார்கள். மறுநாள் ஒரு செவிலியோடு போய்ச் சங்குவின் வீட்டு முன்னறையில் மேசை போட்டாள். சங்கு தன் பேரப்பிள்ளைகளை முதல் ஆளாக இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். "ஊசியையாவது ஒழுங்காப் போடத் தெரியுமா, இல்ல அதுக்கும் வெளிநாட்டுலேருந்து ஆள் வரணுமா?" என்று தெருமுனை வரை கேட்கக் கேட்டுக்கொண்டே, பயந்து அழுத சின்னவனின் கையை அசையாமல் பிடித்துக்கொடுத்தாள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பூட்டுக்காரியைக் கரித்துக் கொட்டினார்கள். ஆனாலும் வரிசை கலையவில்லை.

அந்த முடிவுகளோடு நகராட்சிக்குப் போனார்கள். அக்காவும் தம்பியும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள். நகராட்சித் தலைவரின் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். உள்ளே போனதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். தலைவர் யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்தார். அவள் எங்கே ஈயம் என்று நிறுத்தினாளோ அங்கே அவன் குழாய் என்று பிடித்துக்கொண்டான். அப்படி ஒரு நாள் இல்லை, பல நாள் போனார்கள். இரண்டு பேர் எட்டுப் பேராகி, கடைசியில் தெருவே வந்து அந்தக் கட்டடத்தின் படிகளில் உட்கார்ந்தது. துறைத்தலைவர் அவளுக்கு விளக்கம் கேட்டு எழுதினார். அவள் பதில் எழுதவில்லை. அடுத்த மாநாட்டுக் குழுவில் அவள் பெயர் இல்லை.

குளிர்காலம் முடிவதற்குள், சக்கரம் வைத்த ஒரு தற்காலிகக் கொதிகலனைக் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்தி, பழைய குழாயோடு இணைத்தார்கள். பாதி வீடுகளுக்குத்தான் எட்டியது. மீதிப் பேர் அவளைத்தான் திட்டினார்கள். தம்பிக்கு வேறு ஊரில் சரக்கு லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. போகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான்.

குழந்தைக்கு இரண்டாம் முறை ரத்தம் எடுக்க அவள் போனபோது கதவைத் திறந்தது அம்மா. கையைக் குறுக்கே வைக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல் பேத்தியிடம் திரும்பினாள்.

"உங்க அத்தைகிட்டச் சொல்லு, செருப்ப வெளிய கழட்டிட்டு வரச் சொல்லு. இப்பத்தான் தரையத் துடைச்சேன்."

அவள் குனிந்து கழற்றினாள். நிமிர்ந்தபோது அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்விட்டிருந்தாள்.